இரண்டு பாட்டில், ஒரு நாக்கு

"இந்தாய்யா, சாட்சிக்கு வர்றவரு உன் சரக்க கழுநீர்னு சொன்னாலும் சரி, மாட்டு மூத்திரம்னு சொன்னாலும் சரி, நீ வாயத் தொறக்கக் கூடாது. ஆமா!"

திண்டிவனம் கோர்ட்டு வாசலில், புங்கமரத்தடியில் நின்று சவுரியம்மாள் புருஷனின் காதைக் கடித்தாள்.

"எங்க அப்பன் காலத்துலேருந்து போட்டுக்கினு வர்றோம். அத கழுநீர்னு ஒருத்தன் சொல்லுவான், நான் கேட்டுக்கினு நிக்கணுமா?" என்றான் ராயப்பன்.

"ஆறு மாசம் நீ உள்ள போயிட்டா நானும் புள்ளைங்களும் இன்னாத்த திங்கறது? உன் ரோசத்தையா?"

ராயப்பன் அடங்கினான்.

மதுவிலக்கு வந்து பத்து வருஷம் ஓடிவிட்டது. ஓடினது வருஷம்தான். சரக்கு எங்கேயும் ஓடிவிடவில்லை. கிறிஸ்மஸ் வந்தால் கறுப்புத் திராட்சையை ஜாடியில் ஊறப்போட்டு ஒயின் இறக்குகிறவர்கள் அங்கங்கே இருக்கத்தான் செய்தார்கள். விழுப்புரத்தில் வீட்டிலேயே இறக்கிய புதுச் சரக்கில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ராயப்பன் திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். இன்ஸ்பெக்டர் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறித் தேடியதில் பின்சீட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டிலும் கிடைத்தது. அது யாருடையது என்று கேட்டால் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அதையும் ராயப்பன் தலையிலேயே கட்டிவிட்டார். அவருக்கு வேலை மிச்சம்.

"என் கையில இருந்தது ஊறுகாய்க்குப் போட்ட புளிச்ச காடி. சீட்டுக்கடியில இருந்தது யாரோடதோ!" என்று ராயப்பன் சாதித்தான்.

மெட்ராஸுக்குச் சோதனைக்கு அனுப்பிய சாம்பிள் வழியிலேயே உடைந்துவிட்டதாம். உடைந்ததோ, யார் வயிற்றிலாவது இறங்கியதோ, யார் கண்டது? கடைசியில் மாசிலாமணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மதுவிலக்குக்கு முன்னால் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். ருசி பார்த்துச் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.

முந்தின நாளே சவுரியம்மாள் போய் அவர் காலில் விழுந்திருந்தாள். "எழுந்திரும்மா. ரெண்டும் காடின்னு சொல்லிடறேன், போ. உன் புருஷன் வாயை மட்டும் கட்டி வை" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாஜிஸ்திரேட் தலையசைத்ததும் டவாலிச் சேவகன் முதல் பாட்டிலைத் திறந்து தம்ளரில் கொஞ்சம் ஊற்றினான். மாசிலாமணி ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"எசமான், இது காடிங்க. அதுலயும் மட்டமான காடி. இத ஊத்துனா ஊறுகாய்க்குத்தான் கேடு. ஓரணா குடுத்தாலும் தண்டம்."

கூண்டில் நின்ற ராயப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. சவுரியம்மாள் தூரத்திலிருந்தே முறைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றினார்கள். மாசிலாமணி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, இதுவும் காடிதானா?" என்றார் மாஜிஸ்திரேட்.

மாசிலாமணி மிச்சத்தையும் வாயில் ஊற்றி, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இல்லீங்க எசமான். பொய் சொல்ல மனசு வரல. இது ஒயினுங்க. புது ஒயினுதான், ஆனா விழுங்கின பொறவும் நாக்குலயே நிக்குது. பாண்டிச்சேரில பத்து ரூவாய்க்கு விக்கிற சீமைச் சரக்கெல்லாம் இதுகிட்ட நிக்காது. இத அஞ்சு ரூவாய்க்கு வாங்கறவனுக்கு லாபமுங்க."

சவுரியம்மாள் மனசுக்குள் சபித்தாள். பாவி மனுஷன், காலில் விழுந்ததற்குக்கூட மரியாதை இல்லையே!

"அந்தப் பாட்டிலும் இவனோடதுதான் சார்" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"இல்லீங்க எசமான்! சத்தியமா இல்ல!" என்று கத்தினான் ராயப்பன்.

"உன்னுதில்லேன்னு எப்படிய்யா நம்பறது?"

"எனக்கும் ஒரு வாய் ஊத்தச் சொல்லுங்க. சொல்றேன்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டுக்கும் என்ன தோன்றியதோ, ஊற்றச் சொல்லி டவாலிக்குக் கையைக் காட்டினார். ராயப்பன் நாக்கை நனைத்தான். அவ்வளவுதான், ஜன்னலுக்கு வெளியே துப்பினான்.

"த்தூ! எசமான், இத போட்டவன் காம்பைக்கூட கிள்ளாம அப்படியே ஊறப் போட்டிருக்கான். கசக்குது பாருங்க. சக்கர வாங்க வக்கில்லாம வெல்லத்தப் போட்டிருக்கான். ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி ஜாடியத் தொறந்து தொறந்து பாத்திருக்கான், பொறுமைகெட்ட பய! ஜெயிலுக்கு வேணும்னா போறேன் எசமான். இந்த அசிங்கத்துல மட்டும் என் பேர எழுதிடாதீங்க!"

இன்ஸ்பெக்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சவுரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கெட்டுது குடி. எல்லாம் போச்சு.

சாட்சிக் கூண்டில் ஒரு துண்டு உதறும் சத்தம் கேட்டது.

"யார்ரா பொறுமைகெட்டவன்?" என்று மாசிலாமணி கத்தினார். "நாலு மாசம் மல்லாட்டைக் கொல்லையில பொதைச்சு வச்சுட்டு ஒரு நாளாச்சும் தொட்டிருப்பேனாடா நானு? அன்னிக்கு பஸ்ல இன்ஸ்பெக்டரப் பாத்துட்டு அத சீட்டுக்கடியில தள்ளிட்டு எறங்கினப்போ, பெத்த புள்ளைய வுட்டுட்டுப் போறாப்ல வயிறு எரிஞ்சுதுடா எனக்கு!"