சம்மதம்

"தம்பி, அவரு போன்ல ஒரு மெயில் வந்திருக்கு. அதான் கூப்பிட்டேன்" என்றார் அண்ணி.

அண்ணன் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

எதிரே பேராசிரியர் தன் கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அது என்ன மெயில் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வுக் கட்டுரையில் இரண்டாவதாக இருந்த அண்ணனின் பெயரை எடுத்துவிட்டு, காலையில்தான் அந்த இடத்தில் எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநரின் பெயரைச் சேர்த்தேன். பெயரை எடுத்தால், உரியவரிடம் ஆய்விதழ் சம்மதம் கேட்கும். பச்சைப் பொத்தான் சம்மதம், சிவப்பு மறுப்பு. எதை அமுக்கினாலும் அதுவே முடிவு.

"செத்தவரு வந்து பொறுப்பேத்துக்குவாரா? நாளைக்கு ஒரு கேள்வி வந்தா யாருய்யா பதில் சொல்றது?" என்று பேராசிரியர் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. இயக்குநருக்கு நாங்கள் ஆராய்ந்த ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் என் பட்டத்துக்குப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும்.

அண்ணன் என்று நான் கூப்பிட்டுப் பழகிய அவர் எங்கள் ஆய்வக உதவியாளர். நான்கு வருடம், வாரம் தவறாமல் படகில் போய் ஏரி நடுவிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தவர். அளக்கும் கருவி பிசகுகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

"ஒரு வருசக் கணக்கத் தூக்கிப் போட்டுருங்க தம்பி. பொய்யக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்" என்றார். போட்டோம். அந்த ஒரு வருடத்தையும் மறுபடி படகில் போய் எடுத்தார்.

பேராசிரியர் கேட்ட பொறுப்பை அவர் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

கடவுள் எனக்கென்று கடைசியாக ஒரு வாய்ப்பை விட்டுவைத்திருக்கிறார் என்று தோன்றியது. எதிரில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணி, சிவப்ப அமுக்குங்க. பச்சையத் தொடாதீங்க."



பேராசிரியர் கோபப்படவில்லை. ஆய்விதழிலிருந்து வந்த மெயிலோடு கணினியை மெல்ல என் பக்கம் திருப்பினார். பிறகு தண்ணீர் டம்ளரையும் நகர்த்தி வைத்தார்.

"அமுக்கிட்டேனே தம்பி. இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சு, அடியில உங்க பேரு இருந்துச்சு. நீங்க அனுப்புனா நல்லதாத்தான் இருக்கும்னு அப்பவே பச்சைய அமுக்கிட்டேன்."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"அச்சாகி வந்ததும் ஒண்ணு எடுத்து வைங்க தம்பி. பிள்ளைங்களுக்கு அப்பா பேரக் காட்டணும்."