ஆறு மணி கெட்டில்

"கெட்டிலுக்குக் கூடவா ஆப்?" என்று சிரித்தாள் அறைத்தோழி.

போனில் அந்த ஆப்பைக் காட்டியவளுக்குக் கல்லூரி விடுதியில் 'கேட்ஜெட்' என்றே பெயர். கைக்கடிகாரம் முதல் மேசை விளக்கு வரை எல்லாமே அவள் போன் சொன்னபடி கேட்கும். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கும் ஒரு ஸ்மார்ட் கெட்டில் வாங்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"காய்ச்சல்ல சுருண்டு கிடந்தாலும் போன்ல 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்வாரு. இது பொய் சொல்லாது. பாரு, ஆறு மணிக்கு டாண்ணு கெட்டிலைப் போட்டுட்டாரு. எழுந்து நடமாடுறாருன்னு அர்த்தம்."

பரீட்சை முடிந்த மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனாள். படியேறும்போதே போன் சிணுங்கியது. தண்ணீர் கொதித்துவிட்டதாம்.

கதவைத் திறந்தது பக்கத்து வீட்டு அக்கா. திருதிருவென்று விழித்தாள்.

"அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிருச்சா? உங்கப்பா வழுக்கி விழுந்து, கால் உடைஞ்சு, ஆஸ்பத்திரியில சேர்ந்து பத்து நாளாச்சும்மா. இப்ப தேவலை, பயப்படாதே. 'தினம் ஆறு மணிக்குக் கெட்டிலைப் போட்டுடுங்க, இல்லேன்னா பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துடுவா'ன்னு சாவியைக் குடுத்துட்டுப் போனாரு."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"தண்ணி வீணாப் போகுதேன்னு நானே தினமும் காபி போட்டுக் குடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. "உனக்கும் ஒரு டம்ளர் போடட்டுமா?"