குழி விழாத கேக்

"இன்னும் மூணு முட்டை கொடுங்க, ஃப்ரீடா."

கடைக்கார ஃப்ரீடா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெண்டலைப் பார்த்தாள். "காலையிலிருந்து மூணாவது தடவை வர்றே. கேக் பண்றியா, குஞ்சு பொரிக்கறியா?"

"நடுவுல குழி விழுந்துடுது. ரெண்டு தடவையும்."

"கடல் மட்டத்துல இருக்கற ஹூஸ்டன்காரன் மலை மேல வந்து கேக் சுட்டா அப்படித்தான். இது ஒன்பதாயிரம் அடி, கண்ணு. பேக்கிங் பவுடரைக் குறைச்சியா?"

வெண்டல் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். கொலராடோ மலையில் அவன் அப்பா கட்டிய மரவீட்டில், சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது அது. மனைவி கொரீனின் கையெழுத்து. 'பேக்கிங் பவுடர் இரண்டரை ஸ்பூன்' என்று எழுதி, பக்கத்தில் 'குறைக்காதே!' என்று இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"அவளுக்கே ஒரு போன் போட்டுக் கேளேன்."

"அதுக்குப் பதிலா இந்த முட்டையைப் பச்சையாவே குடிச்சிடுவேன்."

ஃப்ரீடா சிரித்துவிட்டாள். வெண்டலும் கொரீனும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது என்பது அவளுக்கும் தெரியும். மகள் ஜோசி ஆண்டு முழுவதும் அம்மாவிடம். ஜூலை மட்டும் அப்பாவிடம். பிறந்தநாளும் ஜூலையில்தான். முன்பெல்லாம் அம்மாவும் மகளும் மட்டும் இங்கே வந்து அதைக் கொண்டாடுவார்கள். வெண்டல் குளிர்காலத்தில் பள்ளிக்கூடங்களைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுது பார்ப்பவன். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால்தான் அவனுக்கு வேலை. ஏழு பிறந்தநாளில் ஒன்றுக்குக்கூட அவன் வந்ததில்லை.

இன்று எட்டாவது. இந்த முறை லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஜோசி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா செய்யற மாதிரியே கேக் வேணும்ப்பா."

அது மட்டும் சரியாக வராவிட்டால், அடுத்த ஜூலையில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காரில் ஏறுவாள் என்று வெண்டலுக்குத் தோன்றியது.

"நீல ஜெல்லி வேண்டாமா? கொரீன் வருஷா வருஷம் வாங்குவாளே" என்றாள் ஃப்ரீடா.

அட்டையின் அடியிலும் 'நீல ஜெல்லி, ஒரு பாக்கெட்' என்று இருந்தது. சாக்லேட் கேக்கில் ஜெல்லிக்கு என்ன வேலை? கடைக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாதென்று குறித்து வைத்திருப்பாள்.

"வேண்டாம். முட்டை மட்டும்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்தினான். விழுந்துபோன இரண்டு கேக்குகளையும் மகள் பார்க்கும் முன்பே செய்தித்தாளில் சுற்றி, வாசலில் இருந்த, கரடி திறக்க முடியாத இரும்புக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" கதவுக்கு வெளியே ஜோசி.

"அவசரப்படாதேம்மா. மலை மேல ஏற ஏற காத்தோட கனம் குறையும். கேக்குக்குள்ள இருக்கற குமிழியை அமுக்கிப் பிடிக்க ஆளில்ல. அது இஷ்டத்துக்கு உப்பும். மாவு வெந்து கெட்டியாகறதுக்குள்ள உடைஞ்சிடும். அப்புறம் பொத்துன்னு நடுவுல..."

"தெரியுமே!" என்று கத்திவிட்டு அவள் விளையாட ஓடிவிட்டாள்.

'தெரியுமாம்! அதையும் அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள்' என்று வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டான். அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கொரீன் என்ன, பாய்லரைக் கண்டவளா? அழுத்தம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

பேக்கிங் பவுடர் ஒன்றரை ஸ்பூன் போதும். குமிழிகள் அடங்கி இருக்கும். இங்கே ஈரம் சீக்கிரம் ஆவியாகும். அதனால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கூடுதல். குமிழியின் சுவர் கெட்டியாக நிற்க ஒரு ஸ்பூன் மாவு கூடுதல். அடுப்பில் இருபது டிகிரி சூடு அதிகம். குமிழி உடையும் முன் மாவு வெந்துவிடும்.

பாய்லர் முள்ளைப் பார்ப்பது போல அடுப்பின் கண்ணாடி முன் குந்தி உட்கார்ந்தான். கேக் மெல்ல எழுந்தது. நின்றது. பத்து நிமிடம் கழித்தும் நின்றது. வெளியே எடுத்து ஆற வைத்தான்; அப்போதும் அப்படியே நின்றது, தொப்பியைக் கவிழ்த்த மாதிரி.

சாக்லேட் பூசி, எட்டு மெழுகுவர்த்தி குத்தி, "வரலாம்!" என்று கூப்பிட்டான்.

ஜோசி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கேக்கைப் பக்கவாட்டில் பார்த்தாள். நாற்காலியில் ஏறி மேலிருந்தும் பார்த்தாள்.

"நல்லா உயரமா இருக்குப்பா" என்றாள் மரியாதையாக. பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏரி எங்கே?"

"எந்த ஏரி?"

"நடுவுல விழுமே, அந்தக் குழி! அம்மா அதுல நீல ஜெல்லி ஊத்துவா. நான் படகு விடுவேன். ஹூஸ்டன்ல எவ்வளவு பண்ணாலும் இந்த ஏரி வராதாம். அதுக்காகவே பிறந்தநாளுக்கு இங்க வர்றோம்னு அம்மா சொல்லுவா."

பின்னாலிருந்த கையை நீட்டினாள். கட்டை விரல் அளவுக்கு ஒரு மரப் படகு. அதில் இரண்டு குச்சிப் பொம்மைகள். ஒன்றுக்குப் புதிதாக மீசை வரைந்திருந்தாள்.

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நாற்பது. ஃப்ரீடா ஆறு மணிக்குக் கடையைச் சாத்துவாள். கார் சாவியை எடுத்தான்.

"வண்டியில ஏறு. இன்னும் மூணு முட்டை, ஒரு நீல ஜெல்லி."

வாசலைத் தாண்டும்போது அந்த இரும்புத் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்குள்ளே, செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி, இரண்டு அருமையான ஏரிகள் கிடந்தன.