கதாநாயகன் ஒரு மரக்கட்டை

“அவன் ஒரு மரக்கட்டை. அவனோடு காலம் தள்ளப்போகிற பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது.”

போன வாரம் இப்படி எழுதியபோது அவளுக்குக் குஷியாகத்தான் இருந்தது. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில், ஒருவர் உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைத்த இடைவெளிகளில் படித்து முடித்த காதல் நாவல் அது. அட்டையில் கொட்டும் மழை, ஒரே குடைக்குள் இருவர், கீழே ஏதோ ஒரு புனைபெயர். உள்ளே புரட்டினால் தூறல்கூட இல்லை. முந்நூறு பக்கத்தில் நாயகன் ஒருமுறைகூட வாய் திறந்து ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று சொல்லவில்லை.

‘கறார் அக்கா’ என்ற பெயரில் முகநூல் வாசகிகள் குழுவில் விமர்சனத்தைப் போட்டாள். கடைசி வரிக்குத்தான் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன: “இதை எழுதியவர் இந்த ஜென்மத்தில் யாரையும் காதலித்திருக்க மாட்டார்.”

இன்று துவைத்த துணிகளை மடித்துவைக்க நாத்தனாரின் அலமாரியைத் திறந்தாள். போர்வைகளுக்கு அடியில் ஒரு புத்தகக் கட்டு. அதே மழை, அதே குடை. மேலே பதிப்பகம் ஒட்டிய சீட்டு: ‘ஆசிரியருக்கான பிரதிகள்’.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாருக்கு மருந்துக்கடையில் வேலை. பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனதிலிருந்து அண்ணன் வீட்டோடுதான் இருக்கிறாள். நாலைந்து நாளாக அவள் முகம் சரியில்லை. தலைவலி என்றாள், இவளும் நம்பிவிட்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து விரல்களில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“அந்த விமர்சனம் நான் எழுதினதுங்க. உங்க தங்கச்சி எழுதின கதைன்னு எனக்குச் சத்தியமா தெரியாது.”

குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?”

“இருந்துச்சுங்க. அதுதான் கொடுமை.”

“எந்த இடத்துல போரடிச்சுது?”

“இப்ப அதுவா முக்கியம்? அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

அவன் குழாயை மூடினான். விரல்களைத் துண்டில் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“பொய்யா ஒண்ணும் எழுதலையே. விடு. அவகிட்ட போய் எதையும் கிளறாதே.”

பசியில்லை என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டான். தங்கைக்காக இப்படி உடைந்துபோகிறானே என்று பார்த்தபோது, அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

அவளால் விட முடியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினாள்.

“என்னை மன்னிச்சிடு. கறார் அக்கா நான்தான்.”

ஒரு செருப்பைக் கழற்றிய நாத்தனார் மறுசெருப்போடு அப்படியே நின்றாள்.

“அண்ணி... நீங்களா?”

“வாய்க்கொழுப்பு. வேற என்ன சொல்ல? அதுலயும் அந்தக் கடைசி வரி... உன்னைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே!”

“என்னையா?”

“அலமாரியில புத்தகத்தைப் பார்த்துட்டேன்டி. இனிமே மறைக்காதே.”

நாத்தனாரின் கண்கள் கலங்கின. மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு லீவு லெட்டரே ஒழுங்கா எழுத வராது, அண்ணி. உங்க கல்யாண நாள் அன்னைக்கு உங்க கையில கொடுக்கணும்னு, அண்ணன்தான் என்கிட்ட ஒளிச்சுவைக்கச் சொன்னான். எழுதினதும் அவன்தான்.”

குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“அந்த விமர்சனம் உங்களோடதுன்னு அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது!”