நாணலுக்கு மேலே

கண்ணாடிக்கடைக்காரர் இன்றைக்கும் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. பைனாகுலரை மறுகரைக் குடியிருப்பின் மாடிகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடக்கூட யோசிப்பவர்போல நின்றிருந்தார்.

பத்தடி தள்ளி, நாணலுக்குப் பின்னால் நின்று தபால் ஆபீஸ் அக்கா அதைக் குறித்துக்கொண்டாள். இது நாலாவது ஞாயிறு. கையில் இருந்தது என்னவோ பறவைப் பட்டியல்தான். ஆனால் நாரை, நீர்க்கோழிக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு வரி ஒதுக்கியிருந்தாள். உறையைப் பிரிக்காமலே கடிதத்தின் சாரத்தைச் சொல்லுகிற ஆள் அவள்.

கோடை முடியப் போகிற நேரம். சதுப்பு நிலம் வற்றி, மிச்சமிருந்த குட்டையைச் சுற்றிப் பறவைகள் பஸ் ஸ்டாண்டு மாதிரி நெருக்கியடித்து நின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு ஒருத்தர் மாடியைப் பார்த்தால் என்ன அர்த்தம்?

மறுகரை கூப்பிடு தூரம். 'குடியிருப்புப் பக்கம் பைனாகுலரைத் திருப்பக் கூடாது' என்பதுதான் பறவை பார்க்கும் குழுவின் முதல் விதி. அங்கிருந்து ஒரு புகார் போனால் போதும், கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நடை அதோடு சரி. அந்த விதியை எழுதியவளே அக்காதான். எழுதிய நாளிலிருந்து அவள் பைனாகுலர் நாணல் உயரத்தைத் தாண்டியதில்லை.

வாரமெல்லாம் முத்திரை குத்துகிறவளுக்கு இந்த இரண்டு மணி நேரம்தான் மூச்சு. இருபது வருஷமாக ஒரு கைக்குட்டையைக்கூட உதறிப் போடாத வீட்டுக்காரர்கூட இந்தக் கோடையில் திருந்திவிட்டார். ஐந்தரைக்கே எழுப்பி, பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்புகிறார். துணி துவைப்பது, காயப்போடுவது, மடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பால்கனிப் பக்கம் அவள் எட்டிப் பார்த்தே ஒரு மாதமாகிறது.

"அண்ணே, பாத்தீங்களா அந்தக் கூத்த?" என்று குழுத் தலைவரின் காதைக் கடித்தாள். அவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறமாட்டார்.

"விடும்மா. சம்சாரம் போனதுலேர்ந்து தனியா கெடக்கற மனுஷன்."

"அதாண்ணே எனக்குப் பயமே. தனியா இருக்கறவரு அடுத்தவன் மாடிய எதுக்கு அளக்கறாரு? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

பூனை நடை நடந்து அவர் முதுகுக்குப் பின்னால் போனாள். தான் எழுதிய விதியைத் தானே மீறி, அவர் பார்க்கிற திசைக்கே தன் பைனாகுலரையும் தூக்கினாள்.

மூன்றாவது மாடி. நீலத் திரைச்சீலை, அதைத் தைத்தவள் அவள். கொடியில் மஞ்சள் பூப்போட்ட நைட்டி, அதுவும் அவளுடையதுதான்.

அக்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது. "அந்த நோட்ட இப்படிக் குடுங்க" என்று அவர் கக்கத்தில் இடுக்கியிருந்ததைப் பிடுங்கினாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். கவுண்ட்டரில் பெயர் கூப்பிடுகிற குரலில் படித்தாள்.

"'முதல் ஞாயிறு, கொடி ஓரத்தில் தேன்சிட்டுக் கூடு. இரண்டாவது, பெண் அடைகாக்கிறது. நாலாவது, குஞ்சு இரண்டு...'"

படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தப்புதாங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "விதி தெரியும். சொன்னா தடுத்துடுவீங்கன்னு சொல்லல. ஆனா அந்த வீட்டுக்காரங்க மாதிரி தங்கமானவங்கள நான் பாத்ததில்ல. கூடு ஆடிடக் கூடாதுன்னு, அந்த ஓரத்த விட்டுட்டுத்தான் துணி போடறாங்க."

கூட்டம் இளகிவிட்டது. அக்கா இளகுவதாக இல்லை.

"தங்கமோ தகரமோ, எட்டிப் பாத்தது தப்புதான். அது யாரு வீடு தெரியுமா? என் வீடு. துணி போடற அந்தத் தங்கம் என் வீட்டுக்காரர்."

கண்ணாடிக்கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தரம் பார்த்தார்.

"உங்க வீடா? அப்ப அங்க இருக்கற அந்தப் புருஷன் பொண்டாட்டி யாருங்க?"