காதில் ஏறாத பேர்

"ஜீவராணி! அடியே ஜீவராணி!"

கூப்பிட்டுக் கூப்பிட்டு முத்துலிங்கத்துக்குத் தொண்டை கட்டிப்போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவியின் இமைகூட அசையவில்லை. முந்தாநாள் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி விழுந்தவள். இன்னும் நினைவு திரும்பவில்லை.

முதலில் "இந்தா புள்ள, இந்தா புள்ள" என்றுதான் எழுப்பிப் பார்த்தான். நர்ஸ் சுலக்ஷனா அதட்டினாள்.

"இந்தா புள்ளன்னா லயத்து வீடுகள்ல எல்லாப் பொம்பளையுந்தான் ஐயா. பேரச் சொல்லுங்க. எவ்வளவு மயக்கத்துல கெடந்தாலும் சொந்தப் பேரு மட்டும் உள்ள போகும்."

கட்டிய நாளிலிருந்து பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அறியாதவன். அதற்காக வெட்கப்பட இதுவா நேரம்? கண்டி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கட்டில்தான் காலி. நாலு மணிக்கு அம்புலன்ஸ். கூப்பிட்டால் கொஞ்சமாவது அசைகிற ஆளைத்தான் அனுப்ப முடியும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் பஸ் விபத்தில் அடிபட்ட ஒரு பெண். அவளுடைய அம்மா "ஹம்சினி" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். மூடிய இமைக்குள் கண் உருண்டது.

முத்துலிங்கம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "இவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் தாயி," என்று நர்சிடம் கெஞ்சினான். "காலையில வேல பிரிக்கிற பெரட்டுல பேரு கூப்புடுறப்பவும் மூணாவது தடவதான் 'இருக்கேங்க'ம்பா. வேலய மேற்பாக்குற கண்டாக்கு ஐயா செவிடின்னே சொல்லுவாரு."

"வீட்லயும் அப்படித்தானா?"

அவன் யோசித்தான். "வீட்ல... பூன பானைய உருட்டுறதுகூடக் கேக்குமே."

சுலக்ஷனா அடையாள அட்டையைப் புரட்டினாள். "அம்பது வயசா? ஆளப் பாத்தா அவ்வளவு தெரியலையே."

"அவ எப்பவும் அப்படித்தான் தாயி," என்றான். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை.

நாலு மணிக்கு அம்புலன்ஸ் ஹம்சினியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. முத்துலிங்கம் கட்டில் காலடியில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதான்.

அதற்குப் பிறகுதான் டயகமவிலிருந்து மச்சான் ஆண்டியப்பன் வந்து சேர்ந்தார். ரோட்டில் மண் சரிந்து பஸ் சுற்றிக்கொண்டு வந்ததாம். தங்கையை எப்போதும் 'பாப்பா' என்றே கூப்பிடுகிற மனிதர், இன்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவள் காதோடு குனிந்தார்.

"வடிவு... ஏய் சண்முகவடிவு..."

அவள் சுண்டுவிரல் அசைந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

முத்துலிங்கம் திடுக்கிட்டு எழுந்தான். "யாரு மச்சான் வடிவு? இவ ஜீவராணி!"

ஆண்டியப்பன் தலையைத் தொங்கப் போட்டார். "பதினாலு வயசுல இவளுக்கு வேல தர முடியாதுன்னுட்டாங்க. அக்காவோட பொறப்புச் சர்டிபிகேட்டக் காட்டித்தான் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்துல பேரு போட்டோம். வெளிய தெரிஞ்சா வேல போயிரும்னு ஆத்தா எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிருச்சு."

"அப்ப... ஜீவராணி?"

"அவ செத்து முப்பது வருஷமாச்சு, மாப்ள."