முந்நூறு கிலோ

புதுப் படகு துறையோரம் அசைந்துகொண்டிருக்கிறது. அதன் பின்பலகையில் ஒட்டிய தகடு காலை வெயிலில் மின்னுகிறது: 'நான்கு பேர். சாமான்களோடு சேர்த்து 300 கிலோ.' நேற்றுதான் படகை வாங்கிய தம்பிக்காரன் முதல் வரியைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டவன். அவன், மனைவி, அக்கா, அத்தான் என்று நாலு பேர், சரியாகப் போயிற்று. கடைசியாக அக்கா கால் வைத்ததும் படகு தொபுக்கென்று தாழ்கிறது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. "அக்கா, நடுவுல உக்காரு. ஏரியே கரைக்கு வந்துடப் போகுது" என்கிறான். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அக்காவும் சிரிக்கிறாள். அதற்குள் ஒரு சின்ன அலை விளிம்பைத் தாண்டி அவள் மடியை நனைக்கிறது. சிரிப்பு அடங்குகிறது. அவள் தகட்டைப் பார்க்கிறாள். கணக்குப் போடுவதுபோல் உதடு மட்டும் அசைகிறது. "நீங்க போய்ட்டு வாங்கடா. எனக்குத் தண்ணின்னா பயம்" என்று எழுந்து துறை மேடையில் ஏறிக்கொள்கிறாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நீச்சலே பழகினான். இப்போதுதான் இரண்டாவது வரியைப் படிக்கிறான். காலடியில் அவன் ஏற்றிய ஐஸ் பெட்டி, இரண்டு பெட்ரோல் கேன், உபரி பேட்டரி, இரும்பு நங்கூரம். காதுமடல் சுடுகிறது. ஐஸ் பெட்டியைத் தூக்கி மேடையில் வைக்கிறான். பிறகு பேட்டரியை. "அக்கா, வா. இப்போ எடம் இருக்கு." அவள் ஈரத் துணியைப் பிழிந்தபடி, "பரவால்லடா" என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் இறக்கிக்கொண்டே இருக்கிறான்.